பழம் பறிக்கும் ரோபோ: பாதி வேலை செடியில்தான் இருக்கிறது

நெல், கோதுமை அறுக்க இயந்திரம் வந்து பல தலைமுறை ஆகிவிட்டது. வயல் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில் முற்றுகிறது, ஒரே உயரத்தில் நிற்கிறது. மொத்தமாக அறுத்து, உள்ளே இழுத்து, அடித்துத் தூற்றிவிடலாம். எந்தக் கதிரை எடுப்பது, எதை விடுவது என்ற கேள்வியே அங்கே இல்லை. சிக்கல் தொடங்குவது பொறுக்கிப் பறிக்க வேண்டிய பயிர்களில்தான். ஸ்ட்ராபெர்ரி, குடமிளகாய், தக்காளி, ஆப்பிள், கிவி, காளான் எல்லாம் இந்த வகை. ஒரே செடியில் பழுத்தது ஒன்று இருக்கும், செங்காய் இரண்டு, பிஞ்சு நான்கு, நடுவில் பூவும் இருக்கும். பழுத்ததை மட்டும் எடுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பதை இடிக்கக் கூடாது, செடியைக் கிழிக்கக் கூடாது. சில நாளில் திரும்பி வந்து இதே வேலையை இதே செடியில் மறுபடி செய்ய வேண்டும். அறுவடை ரோபோ என்று இந்தப் பதிவில் சொல்வது இந்த வேலைக்கான கருவியைத்தான்.

யோசனை புதிதல்ல. ஆரஞ்சு வகைப் பழங்களுக்கு ரோபோ வைத்துப் பறிக்கலாம் என்று ஷெர்ட்ஸ், பிரவுன் ஆகிய இருவர் 1968-லேயே எழுதிவிட்டார்கள். 1980-களில் ஜப்பானில் தக்காளிக்கும் பிரான்சில் ஆப்பிளுக்கும் இயந்திரக் கைகளைச் செய்து பார்த்தார்கள். 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, முப்பது ஆண்டுகளில் நடந்த ஐம்பது முயற்சிகளை எடுத்து அலசியது. சராசரியாகப் பழம் இருக்கும் இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்தது 85 சதவீதம். வெற்றிகரமாகப் பறித்து முடித்தது 66 சதவீதம். ஒரு பழத்துக்கு ஆன நேரம் 33 விநாடி. கண் ஓரளவு தேறிவிட்டது, கைதான் பின்தங்கி நிற்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த ஒரு முடிவுதான் இந்தத் துறையைப் பற்றிய என் பார்வையைத் தீர்மானித்தது. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் முன்னின்று, ஐரோப்பிய ஒன்றிய நிதியில் 2015 முதல் 2018 வரை நடத்திய ஸ்வீப்பர் திட்டம் அது. குடமிளகாய் பறிக்கும் ரோபோவை ஒரு வணிகப் பசுமைக்குடிலில் நான்கு வாரம் ஓட்டி, 262 பழங்களில் சோதித்தார்கள். செடி வழக்கம்போல் வளர்ந்திருந்த நிலையில் 18 சதவீதம் பழத்தைத்தான் ரோபோவால் பறிக்க முடிந்தது. பழத்தை மறைத்த இலைகளையும் கொத்தாக நெருங்கி நின்ற காய்களையும் நீக்கிய பிறகு அதே ரோபோ 61 சதவீதம் பறித்தது. கேமரா, கை, கத்தி, மென்பொருள் எதுவும் மாறவில்லை. மாறியது செடி மட்டும். 18-ஐ 61 ஆக்கியது கவாத்துக் கத்தரி.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் செய்த ஹார்வி என்ற குடமிளகாய் ரோபோவிலும் இதே போக்குதான். 2017-ல் வெளியிட்ட கணக்கின்படி செடியை மாற்றாமல் 46 சதவீதம், மாற்றிய பின் 58 சதவீதம். இடைவெளி சிறிது, திசை ஒன்றுதான்.

இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. 1960-களில் கலிபோர்னியாவில் ஆலைக்குப் போகும் தக்காளியை இயந்திரத்தால் அறுவடை செய்ய முடிந்ததற்குக் காரணம் இயந்திரம் மட்டுமல்ல. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கோபி லாரன்சன் இயந்திரத்தை வடிவமைத்தபோதே, ஜாக் ஹன்னா அதற்கேற்ற ரகத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். தடித்த தோல், ஒரே சமயத்தில் பழுக்கும் குணம், உலுக்கினால் காம்பை விட்டு விடுபடும் தன்மை என மூன்றும் ரகத்திலிருந்து வந்தவை. பழைய ரகத்தில் அந்த இயந்திரத்தை ஓட்டியிருந்தால் சாறுதான் மிஞ்சியிருக்கும்.

எனவே ரோபோ வாங்குவதைப் பற்றி யோசிப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது செடியைப் பற்றித்தான்.

செடியை எப்படி மாற்றுவது

ஆப்பிளில் உருண்டையாக விரிந்த மரம் ரோபோவுக்கு ஆகாது. உள்கிளையில் இருக்கும் பழத்துக்குக் கை போகும் வழியில் பத்துக் கிளை குறுக்கே நிற்கும். கம்பியில் படரவிட்டு, சுவர்போலத் தட்டையாகவோ வி வடிவத்திலோ வளர்க்க வேண்டும். இலைப்பரப்பின் ஆழம் அரை மீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலான பழம் முன்பக்கத்திலிருந்தே எட்டும். காய் கலைக்கும்போது ஒரு கொத்தில் ஒரே காயை விட வேண்டும். இரண்டு பழம் ஒட்டி நின்றால் ஒன்றைப் பிடிக்கும்போது மற்றது உதிரும், அல்லது பழத்தைக் காற்றால் உறிஞ்சிப் பிடிக்கும் கிண்ணம் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து காற்றுப் பிடிக்காமல் போகும். கம்பிக்குப் பின்னால் காய்த்த காயையும் கலைக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது. அந்தப் பழத்தை ரோபோ எப்படியும் விட்டுவிடும், அல்லது கம்பியில் போய் மோதும்.

ஸ்ட்ராபெர்ரிக்குத் தரையில் பாத்தி போட்டால் பழம் இலைக்கு அடியில் கிடக்கும். இடுப்புக்கு மேலான உயரத்தில் தொட்டி வரிசை அமைத்து வளர்த்தால் குலை விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கும், காம்பு கண்ணுக்குத் தெரியும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. தொட்டியின் விளிம்பில் குலைக்காம்பு மடிந்து ஒடிந்தால் நீரோட்டம் குறைந்து பழம் சிறுத்துப்போகும். அதோடு காம்பு தாறுமாறான கோணத்தில் நிற்பதால் கத்தரி நேராக நுழையாது. விளிம்பை ஒட்டி ஒரு பட்டையோ கயிறோ கட்டிக் குலையைத் தாங்கினால் இரண்டு குறையும் தீரும். ரகம் தேர்ந்தெடுக்கும்போது நீளக் காம்பு உள்ளதைப் பாருங்கள். காம்பு 3 செ.மீ.க்குக் கீழே போனால் கத்தரிக்கு இடமே இருக்காது.

கொடித் தக்காளி ரோபோவுக்கு ஓரளவு ஒத்துவரும் பயிர். கொடியை வாரா வாரம் இறக்கிக் கட்டுவதால் பழுத்த குலை எப்போதும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருக்கிறது. கையின் மேல்கீழ் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளலாம். பழுக்கும் குலைக்குப் பக்கத்து இலைகளைக் கிள்ளுவது வழக்கமான வேலைதான். அதை அறுவடைக்குப் பின் செய்யாமல் அறுவடைக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் வைத்துக்கொண்டால் போதும், கேமராவுக்குத் திரை விலகிவிடும்.

குடமிளகாய்தான் கடினம். காம்பு தடியாக, கட்டையாக இருக்கும். தண்டு கிளை பிரியும் கவட்டில் பழம் ஆப்பு அடித்ததுபோல் சிக்கிக்கொள்ளும். கத்தி இரண்டு மி.மீ. தவறினால் தண்டையே வெட்டிவிடும், அந்தக் கிளையின் மிச்ச விளைச்சல் அத்தோடு போயிற்று. கவட்டில் முதலில் பிடிக்கும் காயைப் பிஞ்சிலேயே எடுத்துவிடுவது, கணுவிடைத் தூரம் அதிகமுள்ள ரகத்தைத் தேர்வது ஆகிய இரண்டும் உதவும்.

கிவி பந்தலில் தொங்குவதால் அடியிலிருந்து பார்க்க வசதி. அப்படியிருந்தும் நியூசிலாந்தில் நான்கு கைகளோடு செய்த ரோபோ 2019 கணக்கில் தோட்டத்தின் 51 சதவீதப் பழத்தைத்தான் பறித்தது. பந்தல் கம்பியும் கிளையும் நெருக்கமும் அங்கேயும் குறுக்கே வந்தன.

விநாடிக் கணக்கு

விளம்பரத்தில் “ஒரு பழத்துக்கு 10 விநாடி” என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் வெற்றி பெற்ற பறிப்பின் நேரம். தோற்ற முயற்சியும் நேரம் தின்கிறது, சொல்லப்போனால் கூடுதலாகவே தின்கிறது. கை போகிறது, பிடி கிடைக்கவில்லை, பின்வாங்குகிறது, கோணம் மாற்றி மறுபடி போகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 முயற்சியில் 75 வெற்றி, ஒவ்வொன்றும் 10 விநாடி என்றால் 750 விநாடி. 25 தோல்வி, ஒவ்வொன்றும் 15 விநாடி என்றால் 375. மொத்தம் 1,125 விநாடியில் 75 பழம். ஒரு பழத்துக்கு 15 விநாடி ஆகிறது, மணிக்கு 240 பழம். பழம் 200 கிராம் என்றால் மணிக்கு 48 கிலோ. ஒரு கை 16 மணி நேரம் நிற்காமல் ஓடினால் 768 கிலோ. நிற்காமல் ஓடாது என்பதால் இதிலும் கழிக்க வேண்டும்.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கிறது. ரோபோ 75 சதவீதம் பறித்தால் ஆள் வேலை கால்வாசியாகக் குறையும் என்று பலரும் நினைக்கிறார்கள். குறையாது. விடுபட்ட பழத்தைத் தேடி ஆள் அதே வரிசை முழுவதும் நடக்க வேண்டும், ஒவ்வொரு செடியையும் விலக்கிப் பார்க்க வேண்டும். விடுபட்டவை எல்லாம் மறைவில் இருக்கும் கடினமான பழங்கள் வேறு. ஆகவே நான் ஒரு மொத்தச் சதவீதத்தை நம்புவதில்லை. எட்டக்கூடிய இடத்தில் தெரியும் பழத்தில் எத்தனை சதவீதம், மறைவில் உள்ளதில் எத்தனை என்று பிரித்துக் கேட்பேன். தெரியும் பழத்தில் 90-க்கு மேல் இருந்தால் மீதியைச் செடியை மாற்றிச் சரிசெய்யலாம். தெரியும் பழத்திலேயே 70 என்றால் பிரச்சினை இயந்திரத்தில் இருக்கிறது, கவாத்து அதைக் காப்பாற்றாது.

நேரம் எங்கே போகிறது என்று ஸ்வீப்பர் குழு பிரித்துக் காட்டியது பயனுள்ள தகவல். சராசரி 24 விநாடியில், பறித்த பழத்தைக் கொண்டுபோய் வைக்க 7.8 விநாடி, வண்டி நகர 4.7 விநாடி. பாதி நேரம் பறிப்பு அல்லாத வேலைக்கே போயிருக்கிறது. கையை வேகமாக ஓட்டி ஆய்வகத்தில் 15 விநாடி வரை குறைத்தார்கள். பழத்தைக் கூடை வரை கொண்டுபோகாமல் கைக்கு அடியிலேயே மெத்தென்ற சரிவோ சிறு கன்வேயரோ வைத்துவிட்டால் இந்த நேரத்தில் பெரும்பகுதி மிச்சம். கையைத் துரிதப்படுத்துவதற்கு முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கண்: வெளிச்சமும் தூரமும்

பழத்தைக் கண்டுபிடிப்பது இன்றைக்குப் பெரிய சவால் இல்லை. படத்தில் பொருளைக் கண்டறியும் யோலோ வகை மென்பொருள் மாதிரி ஒன்றைச் சில ஆயிரம் படங்களில் பயிற்றுவித்தாலே சிவப்புப் பழம் அகப்பட்டுவிடும். கஷ்டம் காம்பில். 3 மி.மீ. தடிப்புள்ள காம்பை 40 செ.மீ. தூரத்திலிருந்து, 640 பிக்சல் குவியத்தூரம் (லென்ஸ் எவ்வளவு பெரிதாகக் காட்டும் என்பதன் அளவு) உள்ள கேமராவில் பார்த்தால் படத்தில் அதன் அகலம் 5 பிக்சலுக்குக் கொஞ்சம் குறைவு. வேகத்துக்காகப் படத்தைப் பாதியாகச் சுருக்கி மாதிரிக்குள் அனுப்பினால் இரண்டரைப் பிக்சல்கூட இல்லை, இலை நரம்போடு கலந்துவிடும். எனவே இரண்டு படியாகச் செய்வது நல்லது. சுருக்கிய படத்தில் பழத்தைக் கண்டுபிடித்து, பழத்துக்கு மேலுள்ள பகுதியை மட்டும் முழு அளவில் வெட்டியெடுத்துக் காம்பைத் தேட வேண்டும்.

தூரத்தை அளக்க இரட்டைக் கண் கேமராதான் வெளியிடங்களில் அதிகம் பயன்படுகிறது. அதன் பிழை தூரத்தின் வர்க்கமாக ஏறும் என்பதை மறக்கக் கூடாது. இரு லென்சுக்கும் இடைவெளி 50 மி.மீ., குவியத்தூரம் 640 பிக்சல், இரு படத்திலும் ஒரே புள்ளியைப் பொருத்துவதில் பிழை 0.1 பிக்சல் என்று வைத்தால் 40 செ.மீ.யில் பிழை அரை மி.மீ., 1 மீட்டரில் 3 மி.மீ., 2 மீட்டரில் 12 மி.மீ.க்கு மேல். ஒளி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கேமராக்கள் பசுமைக்குடில் நிழலில் ஒழுங்காக இருக்கும், நேர் வெயிலில் தடுமாறும். வண்டியில் ஒரு கேமராவை நிலையாக வைத்து ஒட்டுமொத்தமாகப் பார்ப்பது, மணிக்கட்டில் இன்னொன்றை வைத்து நெருங்கும்போது அளப்பது என்ற ஏற்பாடு இதனால்தான்.

வெளிச்சம் இந்த வேலையின் தீராத தலைவலி. மேகம் விலகினால் நிறம் மாறும். மாலை வெயிலில் செங்காய்கூடப் பழமாகத் தெரியும். இதற்கு நான் பரிந்துரைப்பது சூரியனோடு போட்டி போடும் ஃபிளாஷ். கேமரா ஒளியை உள்வாங்கும் நேரத்தை (எக்ஸ்போஷர்) ஒரு மில்லிவிநாடிக்கும் கீழே இறக்கி, அந்தக் கணத்தில் மட்டும் வலுவான வெள்ளை எல்.ஈ.டி.யை மின்னவிட்டால், படத்தில் விழுவது பெரும்பாலும் நம் விளக்கின் ஒளிதான். பின்னணி இருண்டு, முன்னால் உள்ள பழம் ஒரே நிறத்தில் தெரியும். ஒளிக்கேற்ப நிறத்தைச் சரிக்கட்டும் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் நிலையாகப் பூட்டிவைக்க வேண்டும். இரவில் பறித்தால் இந்தத் தொல்லையே இல்லை, பழமும் குளிர்ந்திருக்கும். ஆனால் பனி இறங்கி ஸ்ட்ராபெர்ரி நனைந்திருந்தால் பறிக்கக் கூடாது. ஈரத்தோடு பெட்டியில் போன பழத்தில் பூஞ்சணம் சீக்கிரம் ஏறும்.

மாதிரியைச் சோதிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரே வரிசையில் ஒரே நாளில் எடுத்த படங்களைக் கலைத்துப் போட்டுப் பயிற்சிக்குப் பாதி, சோதனைக்குப் பாதி என்று பிரித்தால் மதிப்பெண் அழகாக வரும். அடுத்த வாரம் தோட்டத்தில் இறக்கினால் பாதிகூடத் தேறாது. சோதனைப் படம் வேறு வரிசை, வேறு நாள், வேறு வானிலையிலிருந்து வர வேண்டும். பழத்தின் பின்பக்கம் கேமராவுக்குத் தெரியாது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். முன்னால் சிவந்து பின்னால் வெளுத்திருக்கும் ஸ்ட்ராபெர்ரியைத் தவிர்க்க, கை நெருங்கும்போது பக்கவாட்டிலிருந்து இன்னொரு படம் எடுப்பதுதான் வழி.

கண்ணையும் கையையும் பொருத்துவது

கேமரா சொல்லும் இடமும் கை போகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். இதைச் சரிபார்க்காமல் மென்பொருளைக் குறைசொல்வது வழக்கமாக நடக்கிறது. கேமராவின் கோணத்தில் ஒரே ஒரு டிகிரி தவறு இருந்தால் 60 செ.மீ. தூரத்தில் 10 மி.மீ. விலகும். காம்பு வெட்டும் கருவிக்கு அது முழுத் தோல்வி.

செய்முறை இதுதான். கட்டம் அச்சிட்ட அளவுப் பலகை ஒன்றை அசையாமல் நிறுத்துங்கள். காகிதத்தில் அச்சிட்டு அட்டையில் ஒட்டினால் ஈரத்தில் வளையும், அலுமினியத் தகட்டில் அச்சிட்டது வேண்டும். கேமரா மணிக்கட்டில் இருந்தால் கையை 15 முதல் 20 நிலைகளில் நிறுத்திப் படம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் மணிக்கட்டு வெவ்வேறு அச்சில் குறைந்தது 30 டிகிரி திரும்பியிருக்க வேண்டும். கையை நகர்த்தி மட்டும் எடுத்து, திருப்பாமல் விட்டால் கணக்கு நிலைகொள்ளாது. ட்சாய், லென்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு 1989-ல் கொடுத்த கணக்கு முறை இன்றும் போதும், இலவச நூலகங்களில் இருக்கிறது. முடித்தபின் கையின் நுனியில் கூர்மையான ஊசி ஒன்றைப் பொருத்தி, கிட்டே, நடுவில், தூரத்தில் என மூன்று இடங்களில் புள்ளியைத் தொடச் சொல்லுங்கள். எங்காவது 3 மி.மீ.க்கு மேல் விலகினால் மறுபடி செய்யுங்கள்.

பிறகு அது நிலைக்க வேண்டும். வண்டி கரடுமுரடில் ஓடும்போது கேமராத் தாங்கியின் திருகு தளரும். திருகுப் பசையும், இடம் மாறாமலிருக்க இரண்டு குத்தூசிகளும் போட்டால் இந்தத் தொல்லை பெருமளவு அடங்கும். வண்டிச் சட்டத்திலேயே ஒரு குறிப்பலகையை ஒட்டிவைத்து, காலையில் வேலை தொடங்கும் முன் கை ஒரே நிலையில் நின்று அதைப் பார்த்துக்கொள்ளும்படி செய்யலாம். இரண்டு பிக்சலுக்கு மேல் நகர்ந்திருந்தால் அன்றைக்கு மறுபடி அளவுத்திருத்தம் செய்யாமல் பறிக்க விடக் கூடாது.

இவ்வளவு செய்தாலும் ஒரே படத்தை நம்பி ஒரு கிளையின் ஐந்து பழத்தையும் பறிக்க முடியாது. மெல்லிய கிளையிலிருந்து 200 கிராம் பழம் ஒன்றை எடுத்ததும் சுமை குறைந்து கிளை மேலே எழும். அடுத்த பழம் முன்பிருந்த இடத்தில் இருக்காது, ஆடிக்கொண்டும் இருக்கும். அந்த ஆட்டம் அடங்க ஓரிரு விநாடி காத்து, மறுபடி படம் எடுத்து, பிறகு போக வேண்டும். அதுவரை கை சும்மா இருக்கத் தேவையில்லை, வேறு கிளைக்குப் போய்வரலாம். பறிக்கும் வரிசையைத் திட்டமிடும் மென்பொருள் இதைத் தெரிந்து எழுதப்பட்டிருக்க வேண்டும். வெளியே துருத்தி நிற்பதை முதலில், உள்ளே இருப்பதைக் கடைசியில் எடுப்பது பொது விதி.

கை: பிடிப்பதும் வெட்டுவதும்

உறிஞ்சு கிண்ணம் எளிமையானது. 40 மி.மீ. விட்டமுள்ள கிண்ணத்தில் 0.3 பார் வெற்றிடம் இருந்தால் கணக்குப்படி 38 நியூட்டன் பிடி, கிட்டத்தட்ட 3.8 கிலோ எடை. மேடுபள்ளமான தோலில் ஓரம் கசிவதால் பாதியை மட்டும் நம்புங்கள். 200 கிராம் பழத்தைத் தாங்க அதுவே தாராளம். பழத்தைக் காம்பிலிருந்து நேராக இழுத்துப் பிய்க்க அது போதாமல் போகலாம், பிய்த்தாலும் காம்புக்குழியில் தோல் கிழியும். ஆப்பிளை நேராக இழுக்காமல், பழத்தை மேல்நோக்கித் தூக்கிச் சற்றே திருக வேண்டும். காம்பு கிளையோடு சேரும் இடத்தில் மடிந்து தானே விடுபடும். மனிதக் கை இதை யோசிக்காமல் செய்கிறது, ரோபோவுக்கு மணிக்கட்டில் அதற்கான திருப்பமும் இடமும் கொடுக்க வேண்டும்.

குடமிளகாயை வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஹார்வியின் ஏற்பாடு எனக்குப் பிடித்தமானது. கிண்ணம் முதலில் பழத்தின் முகத்தில் ஒட்டுகிறது. ஒட்டியதும் கிண்ணமும் கத்தியும் ஒன்றிலிருந்து ஒன்று விடுபட்டு, ஒரு வளையும் பட்டையால் மட்டும் இணைந்திருக்கின்றன. இனி பழத்தை இழுக்காமலே கத்தி தனியாக நகரலாம். வேகமாக அதிரும் பிளேடு பழத்துக்கு மேலிருந்து கீழிறங்கிக் காம்பை அறுக்கிறது. வெட்டுண்ட பழம் பட்டையில் தொங்குகிறது. பழம் எங்கே இருக்கிறது என்பதில் சிறு பிழை இருந்தாலும் வெட்டும் பாதை கெடாது என்பது இதன் சிறப்பு.

ஸ்ட்ராபெர்ரியில் பழத்தைத் தொடாமலிருப்பதே உத்தமம். காம்பைப் பிடித்துக்கொண்டே வெட்டும் இரட்டைக் கத்தரி வேண்டும்: ஒரு சோடி இதழ் காம்பைக் கவ்வும், அதற்கு மேலே உள்ள பிளேடு வெட்டும். பழத்தில் மிஞ்சும் காம்பு ஒரு செ.மீ. அளவில் இருக்கட்டும். நீளமாக விட்டால் பெட்டியில் பக்கத்துப் பழத்தைக் குத்தும்.

கெடுவது எதுவென்றால், பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள். கிண்ணத்துக்கும் பழத்துக்கும் நடுவில் இலை ஒன்று சிக்கினால் வெற்றிட அளவி “பிடித்துவிட்டேன்” என்று சொல்லும், கை வெறும் இலையோடு திரும்பும். பழத்தைப் பிடித்தபோது அழுத்தம் இறங்கும் விதமும் இலையைப் பிடித்தபோது இறங்கும் விதமும் வேறு வேறு, இரண்டையும் பதிவுசெய்து வரம்பு வைக்கலாம். கூடவே பிடித்த பின் ஒரு படம் எடுத்துச் சரிபார்ப்பது நல்லது. மகரந்தமும் தூசியும் பம்பின் வடிகட்டியை அடைத்துப் பிடி மெதுவாகக் குறையும். குறைவது படிப்படியாக என்பதால் யாருக்கும் தெரியாது, வெற்றிச் சதவீதம் மட்டும் இறங்கிக்கொண்டே வரும். பிளேடில் சாறு உலர்ந்து பசையானால் வெட்டு நசுங்கலாகும். நசுங்கிய காம்பில் அழுகல் நுழையும்.

கத்தி நோயையும் சுமக்கும். தக்காளியைத் தாக்கும் பழுப்புச் சுருக்க நச்சுயிரி 2014, 2015 வாக்கில் இஸ்ரேலிலும் ஜோர்டானிலும் முதலில் கண்டறியப்பட்டது. தொடுதலாலேயே பரவும் அது, குடமிளகாயையும் தாக்கும். ஒரு கத்தியால் நாளெல்லாம் ஆயிரக்கணக்கான காம்பை வெட்டும் ரோபோ அதற்கு வசதியான வாகனம். கிருமிநாசினியில் முக்கும் தொட்டியையோ சூடேற்றிய பிளேடையோ வடிவமைப்பிலேயே சேர்க்க வேண்டும். இதைக் கடைசியில் ஒட்டுவேலையாகச் செய்தால் ஒவ்வொரு முக்குதலுக்கும் விநாடி போய்க் கணக்கு உடையும்.

வண்டி, தண்ணீர், பாதுகாப்பு

பசுமைக்குடிலில் வெந்நீர்க் குழாய்கள் வரிசைக்கு நடுவே தண்டவாளம்போல் ஓடுவதால் வண்டியோட்டம் சுலபம். திறந்த தோட்டத்தில் சக்கரம் ஈரமண்ணில் வழுக்கும். செயற்கைக்கோள் இடங்காட்டியின் பிழையைத் திருத்தும் ஆர்டிகே முறை இரண்டு மூன்று செ.மீ. துல்லியம் கொடுத்தாலும் அடர்ந்த இலைக்கு அடியில் சிக்னல் கெடும். வரிசையைக் கேமராவாலோ லேசரால் தூரம் அளக்கும் லைடாராலோ பார்த்துச் செல்லும் மாற்று வழியும் தேவை. மின் இணைப்பிகள் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி 67 தரத்தில் இருக்கட்டும். பழுதுபார்க்கும்போது கழற்றி மாட்டிய இணைப்பியின் ரப்பர் வளையத்தை விட்டுவிடுவதால்தான் தண்ணீர் நுழைகிறது, தரக்குறைவால் நுழைவது குறைவு. லென்சை சில மணி நேரத்துக்கு ஒருமுறை துடைக்க வேண்டும், மருந்து தெளித்த மறுநாள் இன்னும் அடிக்கடி.

ஆள் நெருங்கினால் நிறுத்தும் லேசர் உணரி அவசியம். தொங்கும் இலையை ஆளென்று நினைத்து அது நிற்கிறது என்பதற்காக அதை அணைத்துவைக்கும் பழக்கம் ஆபத்தானது. உணரியின் பார்வை எல்லையைக் கீழே இறக்கியும் வரிசை ஓரத்து இலையைக் கிள்ளியும் சரிசெய்ய வேண்டும். தானியங்கி விவசாய இயந்திரப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 18497 தரநிலை பொருந்துகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தொழிலாக நிலைப்பது பற்றி ஒரு வார்த்தை. காற்றால் உறிஞ்சி ஆப்பிள் பறித்த அபண்டன்ட் ரோபாட்டிக்ஸ் 2019-ல் நியூசிலாந்தில் வணிக அறுவடை வரை போனது, 2021-ல் மூடப்பட்டது. தக்காளி ரோபோ செய்த ரூட் ஏஐ நிறுவனத்தை 2021-ல் வாங்கிய ஆப்ஹார்வெஸ்ட் 2023-ல் திவால் மனு கொடுத்தது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. ஆனால் ஆண்டில் சில வாரம் மட்டுமே வேலையுள்ள இயந்திரம் மீதி மாதமெல்லாம் கொட்டகையில் நிற்கிறது என்ற கணக்கை யாரும் தாண்ட முடியாது. ஆண்டு முழுக்கப் பறிக்கும் பசுமைக்குடில் தக்காளி, உயரத் தொட்டியில் வளரும் ஸ்ட்ராபெர்ரி, நாளுக்கு இரு மடங்காகப் பெருத்து இரவும் பகலும் பறிக்க வேண்டிய காளான் ஆகியவற்றில் ரோபோ முதலில் நிலைபெறும் என்பது என் கணிப்பு. ஆப்பிளுக்கு இன்னும் காலம் பிடிக்கும். நிறுவனம் மூடினாலும் உதிரிபாகமும் மென்பொருள் அணுகலும் கிடைக்குமா என்பதை ஒப்பந்தத்தில் கேட்பது தவறில்லை.

விற்பவர் சோதனை ஓட்டம் காட்ட வந்தால் அவர் தேர்ந்தெடுக்கும் வரிசையில் ஓட்ட விடாதீர்கள். நீங்கள் மூன்று வரிசை சொல்லுங்கள்: ஒன்று நல்லது, ஒன்று நடுத்தரம், ஒன்று இலை அடர்ந்தது. ரோபோ நுழையும் முன் பறிக்கத்தக்க பழத்தை ஆள் வைத்து எண்ணி, செடிக்குச் செடி எழுதிக்கொள்ளுங்கள். ரோபோ முடித்ததும் நான்கு எண்களை எடுங்கள்: கூடையில் வந்தது, செடியில் விடுபட்டது, தரையில் விழுந்தது, பழுக்காமல் பறித்தது. வெட்டுப்பட்ட தண்டையும் ஒடிந்த கிளையையும் தனியாகக் குறியுங்கள். கூடைப் பழத்தை அன்றே மதிப்பிடாதீர்கள். நசுங்கல் உடனே தெரியாது, ஒரு நாள் முழுக்க வெளியே வைத்து மறுநாள் தோலைச் சீவிப் பாருங்கள். ஆள் பறித்த பழத்தையும் அதே அளவு எடுத்துப் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள், ஆள் கையிலும் நசுங்கல் உண்டு. கடைசியாக, நின்றுபோன ரோபோவை ஆள் தொட்டு மீட்ட ஒவ்வொரு தடவையையும் நேரத்தோடு எழுதுங்கள். மணிக்கு இரண்டு தடவை என்றால் ஓர் ஆள் பல வண்டிகளைக் கவனிக்கலாம். மணிக்குப் பதினைந்து தடவை என்றால் அந்த ஆளே பழத்தைப் பறித்துவிடலாம்.